பின்னால் இன்னும் எத்தனை பேர்? பனிக்காட்டில் கை சொல்லும் சேதி!

மணி என்னவோ மாலை ஆறுதான். ஆனால் கும்மிருட்டு. அமெரிக்காவின் வட கோடியில், கனடா எல்லையை ஒட்டியுள்ள மின்னசோட்டா மாநிலத்துக் காடு. ஜனவரி மாதம். தரையெல்லாம் முழங்கால் அளவு பனி. மரங்களின் மேலெல்லாம் பனி. நடுவே ஒரு லாரி போகிற அகலத்தில் ஒரு பாதை.

வளைவுக்கு அப்பால் ஒரு விளக்கு தெரிகிறது. ஏதோ வண்டி வருகிறது. இந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர் வேகத்தைக் குறைக்கிறார். பாதையின் வலது ஓரத்துக்கு ஒதுங்குகிறார். எதிரே வந்தவர் தம் இடக்கையைத் தூக்கி மூன்று விரல்களைக் காட்டுகிறார். அடுத்த நொடி கடந்து போய்விடுகிறார்.

அவர் வணக்கம் சொன்னாரா? வேடிக்கை காட்டினாரா? இரண்டும் இல்லை. "ஐயா, நான் மட்டும் வரவில்லை. எனக்குப் பின்னால் இன்னும் மூன்று வண்டிகள் வருகின்றன. பாதையின் நடுவுக்கு வந்துவிடாதீர்கள்!" என்று எச்சரித்துவிட்டுப் போகிறார்.

சொன்னபடியே அடுத்த வண்டி வருகிறது. அதில் இருப்பவர் இரண்டு விரல் காட்டுகிறார். அதற்கு அடுத்தவர் ஒரு விரல். நாலாவதாக வந்தவர் விரல்களை மடக்கி முஷ்டியைக் காட்டுகிறார். "என்னோடு சரி. நானே கடைசி!" என்று அர்த்தம்.

ஒதுங்கி நின்றவர் அதன் பிறகே தம் வழியில் போகிறார். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் ஐந்து பேரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்வார்கள்.

என்ன வண்டி இது?

இந்த வண்டிக்கு ஸ்னோமொபைல் என்று பெயர். பனிவண்டி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பார்ப்பதற்கு மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கும். ஆனால் சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் ராணுவ டாங்கியின் சங்கிலியைப் போலச் சுற்றுகிற அகலமான ரப்பர் பட்டை. எடை 200 கிலோவுக்கு மேல். விட்டால் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டிப் பறக்கும்.

நம் நாட்டில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் காஷ்மீரத்துக் குல்மார்க்குக்குப் போக வேண்டும். அங்கே உள்ளூர்க்காரர்கள் உல்லாசப் பயணிகளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுகிறார்கள். சியாச்சின் பனிமலையில் நம் ராணுவ வீரர்களுக்கும் இது உதவுகிறது. நமக்கு அவ்வளவுதான் பழக்கம்.

கனடாவிலும் வட அமெரிக்க மாநிலங்களிலும் அப்படியல்ல. அங்கே குளிர்காலத்தில் பனிவண்டி ஓட்டுவது பல லட்சம் பேரின் பொழுதுபோக்கு. அதற்கென்றே காட்டிலும் வயலிலும் உறைந்துபோன ஏரிகளின் மேலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தனிப் பாதைகள் உண்டு. இவை ஊரையும் ஊரையும் இணைக்கின்றன. ஓட்டல், பெட்ரோல் பங்க், தங்கும் விடுதி என்று வழியெங்கும் சிறு ஊர்களின் குளிர்காலப் பிழைப்பு இந்தப் பாதைகளை நம்பியிருக்கிறது.

ஒரு தந்தையின் துயரம்

இன்று விளையாட்டுக்கு ஓடும் இந்த வண்டி விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்று ஒரு சிற்றூர். அங்கே மோட்டார் பட்டறை நடத்தியவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1907-ல் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே பழைய போர்டு கார் என்ஜினையும் ஒரு விசிறியையும் சறுக்குக் கட்டையில் பூட்டிப் பனியில் ஓட்டியவர். ஆபத்து என்று பயந்துபோன தகப்பனார் அதைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டார்.

1934-ஆம் ஆண்டுக் குளிர்காலம். பொம்பார்டியேயின் இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சாலைகளோ பனியில் புதைந்து கிடந்தன. காரும் போகாது, பட்டறையில் அவர் செய்துகொண்டிருந்த பனிவண்டியும் ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துபோயிற்று.

அந்தத் தந்தை பட்டறைக்குத் திரும்பினார். 1937-ல் ஏழு பேர் உட்காரக்கூடிய பனிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வண்டிகள் டாக்டர்களையும், நோயாளிகளையும், தபால் மூட்டைகளையும், பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தன. 1959-ல் ஒருவர் இருவர் மட்டும் ஏறக்கூடிய சிறிய வண்டியை 'ஸ்கி-டூ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்துதான் பனிவண்டி சவாரி காட்டுத்தீ போலப் பரவியது. 1964-ல் பொம்பார்டியே காலமானார்.

உயிரைக் காப்பதற்காகப் பிறந்த வண்டி, உயிரை வாங்கும் வண்டியாகிவிடக் கூடாது. அதற்காகத்தான் பாதையில் இத்தனை மரியாதை!

கைதான் வாய்

இந்தப் பாதைகளில் போலீஸ்காரர் மூலைக்கு மூலை நிற்பதில்லை. சிக்னல் விளக்கு கிடையாது. நடுவே வெள்ளைக்கோடு கிடையாது. கோடு போட்டாலும் பனி மூடிவிடும். ஹார்ன் அடித்தால் கேட்காது. என்ஜின் இரைச்சல் ஒருபுறம். காதை மூடிய ஹெல்மெட் ஒருபுறம். முகத்தையும் கண்ணாடி மறைத்துக்கொள்கிறது. எனவே கைதான் வாய்.

அதிலும் இடக்கை மட்டுமே பேசும். ஏன்? வலது கைக் கட்டைவிரல் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டிருக்கும். அதை விட்டால் வண்டி நின்றுவிடும். தவிர, நம் ஊரில் இடப்பக்கம் போவது போல அங்கே வலப்பக்கம் போக வேண்டும். எதிரே வருகிறவர் இடப்பக்கமாகக் கடந்துபோவார். ஆகவே இடக்கையை உயர்த்தினால் அவர் கண்ணில் நேராகப் படும்.

இடக்கையை நேரே மேலே தூக்கினால் 'நிற்கப் போகிறேன்'. பக்கவாட்டில் நீட்டினால் 'இடப்பக்கம் திரும்புகிறேன்'. முழங்கையை மடக்கி உள்ளங்கையை மேல்நோக்கி நிறுத்தினால் 'வலப்பக்கம் திரும்புகிறேன்'. கையைத் தாழ்வாக நீட்டி மேலும் கீழும் அசைத்தால் 'மெதுவாகப் போ'. தலைக்கு மேலே கையை வலப்பக்கமாக வீசிக் காட்டினால், 'எதிரே வண்டி வருகிறது, ஒதுங்கு' என்று பின்னால் வருகிறவருக்குச் சேதி. கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் ஆட்டினால், 'பின்னால் ஆட்கள் வருகிறார்கள்' என்று எதிரே வருகிறவருக்குச் சேதி. முஷ்டி காட்டினால் கடைசி வண்டி.

ஆங்கிலம் பேசுகிற ஒன்டாரியோக்காரரும், பிரெஞ்சு பேசுகிற கியூபெக்காரரும் எதிர்ப்பட்டாலும் இந்தக் கைப்பாஷை இருவருக்கும் புரியும்.

முந்துவதற்கும் முறை உண்டு

எதிரே வருகிறவரிடம் காட்டும் மரியாதை ஒன்று. முன்னால் போகிறவரை முந்துவதற்கு வேறு முறை.

பனிவண்டியின் பின்னால் பொடிப்பனி புகை போல எழும்பும். அதற்குள் மாட்டிக்கொண்டவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. ரப்பர் பட்டை கல்லையும் பனிக்கட்டியையும் வாரி வீசும். ஆகவே ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. நேரான பாதை வர வேண்டும். எதிரே வெகுதூரம் காலியாக இருக்க வேண்டும். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி, 'போகலாம்' என்று கையசைக்க வேண்டும். பிறகே முந்தலாம். முந்தியவுடன் அவர் மூக்குக்கு முன்னால் வண்டியை வெட்டி அவர்மேல் பனியை வாரி இறைப்பது பண்பல்ல.

மேட்டின் உச்சியிலும் வளைவிலும் முந்தவே கூடாது. மேடு ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். ஏறுகிறவர் நடுவில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம்.

பாதையைச் சமப்படுத்தும் பெரிய இயந்திரம் ஒன்று உண்டு. டிராக்டர் போல இருக்கும். பின்னால் பலகையை இழுத்துக்கொண்டு மெதுவாக ஊர்ந்து வரும். பெரும்பாலும் இரவில்தான் வேலை செய்யும். பாதையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொள்ளும். அதைக் கண்டால் வண்டிக்காரர் முழுதும் ஒதுங்கி நிற்க வேண்டும். பின்னாலிருந்து வந்தால், டிரைவர் பார்த்துத் தலையசைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அது சமப்படுத்திய பனி இறுகுவதற்குச் சில மணி நேரமாகும். அதற்குள் அதன்மேல் ஓட்டிப் பாழாக்குவது, சிமெண்ட் பூசிய ஈரத் தரையில் செருப்புக்காலோடு நடப்பதற்குச் சமம்!

பாதையில் எல்லாரும் வண்டியில் வருவதில்லை. சறுக்குக் கட்டை கட்டி நடப்பவர்கள் உண்டு. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகள் உண்டு. குதிரையில் வருபவர்களும் உண்டு. நடப்பவரைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, இடம் விட்டு, மெதுவாகக் கடக்க வேண்டும். நாயோ குதிரையோ வந்தால் ஓரமாக நின்று, அவை போகும்வரை காத்திருக்க வேண்டும். மிரண்ட விலங்கிடம் மன்னிப்புக் கேட்டு என்ன பயன்?

எண்ணிக்கை தவறினால்?

விரல் காட்டுவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் கனம் தெரியும்.

ஒன்டாரியோவில் பனிவண்டிப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். மின்னசோட்டாவில் 50 மைல். அதாவது சுமார் 80 கிலோமீட்டர். குறைந்த வேகத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வண்டிகள் 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிராக வந்தால், ஒவ்வொரு நொடியும் இடைவெளி சுமார் 28 மீட்டர் குறையும். வளைவில் 60 மீட்டர் தூரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால், இருப்பது இரண்டே நொடி. அதற்குள் யோசிக்க முடியாது. முன்கூட்டியே ஓரத்தில் இருந்தால்தான் தப்பலாம்.

முதல் வண்டிக்காரர் மூன்று விரல் காட்டுகிறார். மூன்று வண்டிகளும் போய்விட்டன. 'முடிந்தது' என்று எதிரே வந்தவர் நடுப்பாதைக்கு வருகிறார். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஐந்தாவதாக ஒருவர் இருக்கிறார். கையுறையைச் சரிசெய்யப் பின்தங்கியவர், கூட்டத்தைப் பிடிக்க வேகமாக வளைவில் திரும்புகிறார். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கூட்டத் தலைவர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆட்களை எண்ண வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் விளக்கு தெரிகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் வேகத்தைக் குறைத்துக் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பனிவண்டியில் பிரேக் இடக்கைப் பக்கம் இருக்கிறது. விரல் காட்டக் கையை எடுத்தால் பிரேக்கை விட்டாயிற்று! வளைவில் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் மரியாதை செய்தால் மரியாதையே விபத்தாகிவிடும். இதனால், எண்ணிக்கை காட்டுவதை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் ஒட்டிப் போவதே மேல் என்று வாதாடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். வேண்டும் என்கிற கட்சியும் உண்டு. நேரான பாதையில் காட்டு, வளைவில் இரண்டு கையும் பிடியில் இருக்கட்டும் என்பது நடுவழி.

இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்வது ஒன்று. முஷ்டியைப் பார்த்துவிட்டதற்காக அடுத்த வளைவு காலி என்று நம்பிவிடக் கூடாது. அடுத்த கூட்டம் அங்கேயே வந்துகொண்டிருக்கலாம்.

மது இந்தக் கணக்கையெல்லாம் கெடுத்துவிடும். குடித்துவிட்டுக் கார் ஓட்டினால் என்ன குற்றமோ, கனடாவில் பனிவண்டி ஓட்டினாலும் அதே குற்றம்தான்.

பாதை யாருக்குச் சொந்தம்?

இவ்வளவு நீளப் பாதையை யார் போட்டது? சர்க்கார் என்று நினைப்போம். பல இடங்களில் அது உண்மையல்ல. உள்ளூர்ச் சங்கங்களில் உள்ள தொண்டர்கள்தான் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் புதர் வெட்டி, ஓடைக்கு மரப்பாலம் கட்டி, அடையாளக் கம்பு நட்டுப் பாதை அமைக்கிறார்கள்.

நிலமோ பெரும்பகுதி தனியாருடையது. ஒரு விவசாயியின் புல்வெளி, அடுத்தவரின் பைன் தோப்பு, இன்னொருவரின் வீட்டுக் கொல்லை. சங்கத்தார் அவர்களிடம் போய், "குளிர்காலம் முடியும்வரை உங்கள் நிலத்தின் வழியாகப் போய்க்கொள்கிறோம்" என்று கேட்டு அனுமதி வாங்குகிறார்கள். பல இடங்களில் நில உரிமையாளர்களுக்குப் பணம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை சங்கம் அவர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்து நன்றி சொல்லும். அவ்வளவுதான் குத்தகை!

இந்த ஏற்பாடு எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது பாருங்கள். ஒருவன் குறுக்குவழி என்று கம்பு நட்ட எல்லையைத் தாண்டி வயலில் ஓட்டுகிறான். பனி இறுகி, அடியில் உள்ள தீவனப் பயிர் குளிரில் செத்துப்போகிறது. இன்னொருவன் இளங்கன்றுகள் இருப்பது தெரியாமல் தோப்புக்குள் புகுந்து ஒடித்துப்போடுகிறான். மற்றொருவன் நடுராத்திரியில் வீட்டு ஜன்னலுக்கு அடியில் என்ஜினை உறுமவிடுகிறான். மறுநாள் காலையில் நிலக்காரர் வேலியில் ஒரு பலகை மாட்டுகிறார்: 'வழி மூடப்பட்டது.'

ஒரே ஒரு நிலம் மூடினால் போதும். ரயில் பாதையில் ஒரு தண்டவாளத்தைக் கழற்றினால் என்ன ஆகுமோ அதுதான். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு அறுந்துவிடும். சங்கத்தார் பக்கத்து நிலக்காரரின் வாசலில் போய்த் தொப்பியைக் கழற்றி நிற்க வேண்டும். தவறு செய்தவன் ஒருவன். வழி இழந்தவர்கள் எல்லாரும்.

தண்டவாளம் போய் வழக்கு வந்தது

நிலக்காரரோடு போகாமல் கோர்ட்டு வரை போன கதையும் உண்டு.

கியூபெக்கில் மாண்ட்ரியல் நகருக்கு வடக்கே மலைப்பகுதியில் முன்பு ஒரு ரயில் பாதை இருந்தது. குளிர்காலத்தில் சறுக்கு விளையாட்டுக்காரர்களை ஏற்றிச் செல்லும் அந்த ரயிலுக்கு 'வடக்கின் சின்ன ரயில்' என்று செல்லப் பெயர். ரயில் நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அந்தத் தடம் 1996-ல் பூங்காப் பாதையாகத் திறக்கப்பட்டது. கோடையில் சைக்கிள், குளிர்காலத்தில் சில பகுதிகளில் பனிவண்டி.

ரயில் போன பாதையை ஒட்டி வீடுகள் இருக்கும் அல்லவா? ரயில் குறிப்பிட்ட நேரத்தில் வந்து போய்விடும். பனிவண்டிக்கு நேரம் காலம் இல்லை. இரைச்சலும் புகையும் தாங்காமல் பாதையோரத்துக் குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 2004-ல் கியூபெக் உயர் நீதிமன்றம் அந்தப் பாதையின் ஒரு பகுதியில் பனிவண்டி ஓடக் கூடாது என்று தடை விதித்தது.

அந்தத் தீர்ப்பால் மெதுவாகப் போனவருக்கும் வழி போயிற்று. உறுமிக்கொண்டு போனவருக்கும் வழி போயிற்று.

நின்றவரைக் கேட்காமல் போகாதே

பாதை மரியாதையில் இன்னொரு பழக்கம் உண்டு. இதை எழுதிவைக்காமலே எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள்.

வழியில் ஒரு வண்டி நின்றிருந்தால், கடந்து போகிறவர் வேகத்தைக் குறைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். 'எல்லாம் சரிதானே?' என்று கேள்வி. நிற்பவரும் கட்டைவிரலை உயர்த்தினால் 'சரிதான், போங்கள்' என்று பதில். பதில் வராவிட்டால் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி, 30 டிகிரி போகும். பெல்ட் அறுந்தோ பெட்ரோல் தீர்ந்தோ காட்டில் மாட்டிக்கொண்டவருக்கு அடுத்து வரும் வண்டிதான் ஆஸ்பத்திரி, அதுதான் போலீஸ், அதுதான் சொந்தக்காரர். இன்று இவர், நாளை நாம்.

நிற்பவருக்கும் கடமை உண்டு. பாதையை விட்டு விலகி நிற்க வேண்டும். கூட்டமாக நின்றால் வரிசையாக நிற்க வேண்டும். வளைவின் மறைவிலும் மேட்டின் அடுத்த பக்கத்திலும் நின்று கதை பேசக் கூடாது.

கடைசிப் பெட்டியின் பலகை

மூன்று விரலும் முஷ்டியும் நமக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆனால் பம்பாயிலிருந்து சென்னைக்கு ரயிலேறிப் போகிற நம்மவர்கள் அதே சேதியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கவனித்திருக்க மாட்டார்கள்.

ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்புறம் 'எல்.வி.' என்று எழுதிய சிறு பலகை தொங்கும். பெரிய 'எக்ஸ்' குறி போட்டிருக்கும். இரவில் சிவப்பு விளக்கு எரியும். 'இதுதான் கடைசி வண்டி' என்று அதற்கு அர்த்தம். வண்டி நிலையத்தைக் கடக்கும்போது நிலைய ஊழியர் முதலில் பார்ப்பது என்ஜினை அல்ல. கடைசியில் உள்ள அந்த அடையாளத்தைத்தான். அது இருந்தால் ரயில் முழுசாக வந்துவிட்டது. இல்லாவிட்டால் பெட்டி ஏதோ பின்னால் கழன்று நிற்கிறது. அடுத்த ரயிலை அனுப்பினால் மோதும்.

'எனக்குப் பின்னால் யாரும் இல்லை' என்று சொல்வதும், 'இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்' என்று சொல்வதும் வெறும் நாகரிகம் அல்ல. முகம் தெரியாத ஒருவர் அந்த வார்த்தையை நம்பித் தம் உயிரை வைத்து வண்டியை நகர்த்துகிறார். அந்த வார்த்தை பொய்யாகக் கூடாது.

தாராவிச் சந்தில் தண்ணீர்க் குடத்தோடு எதிர்ப்படுகிற இரண்டு பேரில் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று, "நீங்க போங்கம்மா, பின்னாலே பாப்பா வருது" என்கிறார். மின்னசோட்டாக் காட்டில் ஒருவர் கையுறை போட்ட கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டுகிறார். ஊர் வேறு, குளிர் வேறு, வண்டி வேறு. சேதி ஒன்றுதான்.